லுஸ்ஸெக்கட்: பெயரில் பூனை, மாவில் குங்குமப்பூ

டிசம்பர் 13 விடியற்காலை. வெளியே இருட்டு இன்னும் கலையவில்லை. சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் அந்த நாளில் பொழுது விடியவே எட்டரை மணிக்கு மேல் ஆகும், பிற்பகல் மூன்றுக்குள் மறுபடி இருட்டிவிடும். பள்ளிக்கூடம், அலுவலகம், மருத்துவமனை, முதியோர் இல்லம் என எங்கும் வெள்ளை அங்கியும் சிவப்பு இடைநாடாவும் தலையில் மெழுகுவத்தி முடியுமாக ஒரு பெண் முன்னே நடக்க, பிள்ளைகள் பாடிக்கொண்டே பின்னால் வருகிறார்கள். பாட்டு முடிந்ததும் காப்பி. காப்பியோடு, எஸ் எழுத்துபோல இரு முனையும் சுருண்ட ஒரு மஞ்சள் பன். ஒவ்வொரு சுருளின் நடுவிலும் ஓர் உலர்திராட்சை, கண்போல.

அந்தப் பன்னின் பெயர் லுஸ்ஸெக்கட். ஒன்றுக்கு மேல் இருந்தால் லுஸ்ஸெக்கட்டெர். தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'குங்குமப்பூ பன்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதில் பிழை இல்லை, ஆனால் பெயரில் இருக்கிற இரண்டு பேரும் காணாமல் போய்விடுகிறார்கள். சுவீடன்காரர்கள் வைத்த பெயரில் குங்குமப்பூ என்ற சொல்லே கிடையாது. இருப்பது ஒரு பெண்ணும் ஒரு பூனையும்தான்.

முதலில் அந்தப் பெண். 'லுஸ்ஸெ' என்பது லூசியா என்ற பெயரின் நாட்டுப்புறத் தேய்வு. சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரத்தில், ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் காலத்தில், 304ஆம் ஆண்டில் கொல்லப்பட்டவராகக் கிறிஸ்தவ மரபு சொல்லும் புனித லூசியா இவர். கண்பார்வைக்கு வேண்டிக்கொள்ளும் புனிதர். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் லூசியா என்று பெயர் வைப்பது உண்டு. லத்தீனில் 'லுக்ஸ்' என்றால் ஒளி. அதிலிருந்து வந்த பெயர்தான் லூசியா.

சிசிலிப் பெண்ணுக்கும் வடதுருவத்தை ஒட்டிய பனிநாட்டுக்கும் என்ன உறவு என்றால், விடை நாள்காட்டியில் இருக்கிறது. இன்று டிசம்பர் 21ஐ ஒட்டி வரும் ஆண்டின் மிக நீண்ட இரவு, பழைய ஜூலியன் நாள்காட்டியில் 14ஆம் நூற்றாண்டு வாக்கில் டிசம்பர் 13ஐ ஒட்டி விழுந்தது. அது லூசியாவின் திருநாள். ஆக, இருட்டு மிக அதிகமான இரவுக்கு ஒளி என்று பெயருள்ள பெண் வந்து சேர்ந்தார். சுவீடன் 1753இல், இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறியது. சூரியக் கணக்கு நகர்ந்துவிட்டது, மக்கள் மனத்தில் இருந்த இரவு நகரவில்லை. அந்த இரவுக்கு 'லுஸ்ஸெநட்' என்று பெயர், லூசியா இரவு. தூங்காமல் கண்விழிப்பது 'லுஸ்ஸெவாக்கா'. நம் சிவராத்திரி விழிப்பை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. லூசியா வேடமிட்டுப் பாடிப் போவதற்கு 'லுஸ்ஸா' என்று ஒரு வினைச்சொல்லே உண்டு. ஆகவே 'லுஸ்ஸெ' என்ற முன்னொட்டு ஓர் ஆளை மட்டும் குறிப்பதில்லை, அந்த இரவு முழுவதையும் குறிக்கிறது. வெள்ளை அங்கி ஊர்வலம் பொதுவிழாவாக நாடெங்கும் பரவியது, 1927இல் ஸ்டாக்ஹோம் செய்தித்தாள் ஒன்று லூசியாவைத் தேர்ந்தெடுக்கும் போட்டி நடத்திய பிறகுதான். லுஸ்ஸெ என்ற சொல் அதைவிட மிகப் பழையது.

அப்புறம் பூனை. 'கட்' என்றால் சுவீடிஷில் பூனை, அவ்வளவுதான். ஏன் பூனை என்பதற்குச் சொல்லப்படும் கதை ஜெர்மானிய நாடுகளிலிருந்து வருகிறது: 17ஆம் நூற்றாண்டில், குழந்தை இயேசு நல்ல பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுப்பார், சாத்தான் பூனை வடிவில் வந்து பிள்ளைகளை அடிப்பான், வெளிச்சத்துக்கு அஞ்சும் அவனை விரட்டத்தான் ரொட்டிக்குப் பளிச்சென்ற மஞ்சள் நிறம் ஏற்றினார்கள். சாத்தானுக்கு வழங்கும் லூசிஃபர் என்ற பெயரும் அதே லுக்ஸிலிருந்துதான் வருகிறது. 'ஒளி சுமப்பவன்', அதாவது விடிவெள்ளி. ஒலியிலும் வேரிலும் லூசியாவுக்கு இவ்வளவு நெருக்கமான பெயர் என்பதால், இரண்டும் நாட்டுப்புற நம்பிக்கையில் கலந்துபோனதில் வியப்பில்லை. நெதர்லாந்தில் 'டௌவெக்காட்டர்' என்று ஓர் இனிப்பு ரொட்டி உண்டு. காதில் விழும்போது 'சாத்தான் கடுவன்' என்றே கேட்கும். அதன் உண்மையான வேர் என்ன என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு தீரவில்லை.

எனக்கு இந்தச் சாத்தான் கதை பிடிக்கும். ஆனால் கையில் பன்னை எடுத்துப் பார்க்கிறவருக்கு அது தேவைப்படாது. வாலைச் சுருட்டிப் படுத்திருக்கும் பூனை, இரண்டு கண் என்று பிள்ளைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்று எல்லாரும் லுஸ்ஸெக்கட் என்று சொல்லும் அந்த எளிய எஸ் வடிவத்துக்குப் பழைய பெயர் 'யூல்கால்ட்', கிறிஸ்துமஸ் ஆண்பன்றி. அதே மாவைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் 'பொன்தேர்', அடுக்கிச் சுருட்டினால் 'பாதிரியார் தலைமுடி'. வடிவத்துக்கு வடிவம் பெயர் இருந்த காலம் அது. பூனை மட்டும் மற்ற எல்லாப் பெயரையும் ஓரங்கட்டிவிட்டு நிலைத்தது.

உணவில் விலங்கின் பெயர் வருவது நமக்கும் புதிதில்லை. இலங்கையில் சீனி தூவிய நீள பணிஸ் ஒன்று விற்கும். பெயர் கிம்புலா பணிஸ். கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலை. தமிழ்ப் பிள்ளைகளும் அதை அப்படியே சொல்லி வாங்கித் தின்கிறார்கள்.

இனி எழுத்துப்பெயர்ப்பு. 'லுஸ்ஸெகட்' என்று எழுதினால் நடுவில் வரும் க தமிழ் வழக்கப்படி மெலிந்து ஒலிக்கும், 'அகம்' என்பதில் ஒலிப்பதுபோல. சுவீடிஷில் அது வல்லொலி. அதனால் க் இரட்டித்து 'லுஸ்ஸெக்கட்' என்று எழுதுவதே சரி. இறுதியில் உகரம் சேர்த்து 'கட்டு' ஆக்கிவிட்டால் தமிழில் வேறு பொருள் வந்துவிடும், ஆகையால் ட் என்ற மெய்யோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இப்போது மாவுக்குள் இருக்கிற பொருளுக்கு வருவோம். சொல் ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் சுவையாக இருந்த இடம் இதுதான். சுவீடிஷில் 'சஃப்ரான்'. அரபுச் சொல்லான ஜஃபரான், இடைக்கால லத்தீனிலும் பிரெஞ்சிலும் நுழைந்து, ஐரோப்பா முழுக்கப் பரவிய வடிவம் அது. தமிழில் நாம் சொல்வது குங்குமப்பூ. சமஸ்கிருதத்தில் 'குங்குமம்' என்றாலே இந்த வாசனைப் பொருள்தான். பழைய பாட்டுகளில் மகளிர் பூசிக்கொள்ளும் குங்குமச் சாந்தும் அதுதான். பின்னால் மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் செய்யும் சிவப்புப் பொடி அதே பெயரை எடுத்துக்கொண்டது. நெற்றியில் வைப்பது குங்குமம் என்று ஊன்றிவிட்டதால், பெயருக்கு உரிய முதல் பொருள் தன்னை வேறுபடுத்திக்கொள்ளப் 'பூ' என்று ஒரு வால் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதனால் 'குங்கும ரொட்டி', 'குங்கும பன்' என்று சுருக்கி எழுதக் கூடாது. படிக்கிறவர் கண்முன் வருவது பொட்டு வைக்கும் பொடிதான்.

பூ என்று சொன்னாலும் அது முழுப் பூ இல்லை. ஊதாப் பூ ஒவ்வொன்றிலும் மூன்று சிவந்த சூலகமுடி இழைகள் இருக்கும். அவற்றைக் கையால் பறித்து உலர்த்துகிறார்கள். ஒரு கிலோ இழைக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூ வேண்டும். இந்த இழை என்ற எண்ணத்திலிருந்து பிறந்தது இன்னொரு பெயர்: கேசரம். மயிர், பூவிழை என்று பொருள். இந்தியில் கேசர் ஆகிக் குங்குமப்பூவைக் குறிக்கிறது. நம் ரவா கேசரியின் பெயரும் அந்த நிறத்திலிருந்து வந்ததே. சரி, பிடரிமயிர் உள்ள விலங்குக்கு என்ன பெயர்? அதுவும் கேசரிதான், சிங்கம். ஒரே வேரிலிருந்து இனிப்பும் சிங்கமும். குங்குமப்பூ போட்ட தின்பண்டத்தில் சுவீடன்காரருக்குப் பூனை, நமக்கு அதன் பெரிய உறவினர்! பெயர் வந்த வழி இரண்டுக்கும் முற்றிலும் வேறு, ஆனாலும் அடுத்த முறை கேசரி கிளறும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

'காவி' என்ற சொல்லையும் இங்கே விலக்க வேண்டும். கொடி, உடை, அரசியல் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் சஃப்ரான் என்று வருவதைத் தமிழில் காவி என்கிறோம். நிறத்துக்கு அது பொருந்துகிறது. ஆனால் காவி என்பது அடிப்படையில் காவிக்கல், ஒரு செம்மண். அதைச் சமையலறைக்குள் கொண்டுவர முடியாது.

பன் என்ற பகுதியில் அதிகம் நிற்க வேண்டாம். தமிழ்நாட்டில் பன், இலங்கைத் தமிழில் பணிஸ். பாண், ரொட்டி என்ற சொற்கள் வெட்டித் தின்னும் பெரிய ரொட்டியை நினைவூட்டும், கையடக்கமான இதற்குப் பொருந்தா. ஈழத்தில் பேக்கரியை வெதுப்பகம் என்றும் ரொட்டியை வெதுப்பி என்றும் சொல்லும் வழக்கு இருக்கிறது. எனக்கு அந்தச் சொற்கள் மேல் மதிப்பு உண்டு. ஆனாலும் பன், பணிஸ் இரண்டும் நாக்கில் ஊறிய சொற்கள், அவற்றை மாற்றத் தேவையில்லை.

சொல்லைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுச் செய்முறையைச் சொல்லாமல் விட்டால் பாதி விளக்கம்தான் ஆகும். சுவீடன் கடைகளில் குங்குமப்பூ அரை கிராம் பொட்டலமாக, களவு போகாதிருக்கப் பல இடங்களில் பணம் கட்டும் மேசையருகே வைத்து விற்கிறார்கள். இரண்டு பொட்டலம், அதாவது 1 கிராம், முப்பது முப்பத்தைந்து பன்னுக்கு வரும். அதைச் சிறிது சர்க்கரையோடு சின்ன உரலில் பொடித்து, வெதுவெதுப்பான பாலில் ஊறவிட வேண்டும். நிறம் தரும் குரோசின் நீரில் கரையும் பொருள். எனவே நேராக மாவில் தூவினால் அங்கங்கே சிவப்புப் புள்ளியாக நிற்கும், ஊறவைத்தால் மாவு முழுக்கப் பரவும். விலைக்கு அஞ்சி மஞ்சள்தூள் போடுகிறவர்கள் உண்டு. நிறம் வரும், ஆனால் குங்குமப்பூவின் மணமும் மெல்லிய கசப்பும் வராது. வருவது மஞ்சளின் மண்வாசனை. அதற்குப் பேசாமல் அரை கிராம் குங்குமப்பூவோடு வெளிர்நிறத்தில் செய்வது மேல்.

அளவு ஏறத்தாழ இப்படி: அரை லிட்டர் பால், 150 கிராம் வெண்ணெய், 150 முதல் 180 கிராம் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு கிலோ மைதா, 50 கிராம் பச்சை ஈஸ்ட். உலர் ஈஸ்ட் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். சுவீடனில் 'கெசெல்லா' என்ற கெட்டிப் பால்பொருள் 250 கிராம் சேர்ப்பார்கள், பன் காய்ந்துபோகாமல் இருக்க. நம் ஊரில் துணியில் கட்டி வடித்த தயிர் அந்த வேலையைச் செய்யும். பால் கைச்சூட்டுக்கு மேல் போகக் கூடாது, போனால் ஈஸ்ட் செத்துவிடும். பிசைந்த மாவை முக்கால் மணி நேரம் பொங்கவிட்டு, கயிறாக உருட்டி, முனைகளை எதிரெதிர்ப் பக்கமாகச் சுருட்டி, இன்னும் அரை மணி நேரம் விட வேண்டும். சுருள் நடுவில் திராட்சையை நன்றாக அழுத்துங்கள். மேலோட்டமாக வைத்தால் அடுப்பில் கண் பிதுங்கி விழும். மேலே முட்டை பூசி, 225 டிகிரி செல்சியஸில் ஐந்து முதல் எட்டு நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம் விட்டாலும் உலர்ந்துவிடும். மறுநாளைக்கு வைப்பதைவிட, ஆறியவுடன் உறைபெட்டியில் போட்டுத் தேவைப்படும்போது சூடாக்குவது நல்லது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? நம்மிடமே அச்சு இருக்கிறது. கார்த்திகைப் பொரி, திருவாதிரைக் களி, ஆடிக்கூழ். மூன்றிலும் முன்னால் நிற்பது நாளோ மாதமோ, பின்னால் பண்டம். களியில் வெல்லமா, கூழில் தேங்காய்ப்பாலா என்பதைப் பெயர் சொல்வதில்லை. எப்போது உண்பது என்பதையே சொல்கிறது. லுஸ்ஸெ என்ற முன்னொட்டு செய்வதும் இதே வேலைதான். ஆகவே 'லூசியா பன்' என்பதே எனக்கு நேரான இணைச்சொல்லாகப் படுகிறது. இலங்கைத் தமிழருக்கு 'லூசியா பணிஸ்'. சுவீடிஷிலும் பூனையை விட்டுவிட்டு 'லுஸ்ஸெபுல்லெ', லூசியா பன், என்று சொல்லும் வழக்கு இருக்கிறது. 'குங்குமப்பூ பன்' என்ற பெயரை, அதே மாவில் வேறு வடிவங்களில் செய்து 'சஃப்ரான்ஸ்புல்லெ' என்று விற்பவற்றுக்கு விட்டுவிடலாம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலும் குங்குமப்பூ பன் உண்டு. அதற்கும் லூசியாவுக்கும் உறவில்லை, ஆகவே பெயர் பிரிந்திருப்பதே நல்லது.

'லூசியாப் பூனை' என்ற நேர்ப்பொருளைச் சமையல் குறிப்பின் தலைப்பில் போட முடியாது, படிப்பவர் திகைப்பார். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போதும், நோர்வேயிலும் சுவீடனிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து ஒன்றைக் கையில் கொண்டுவந்து இது என்ன என்று பாட்டியிடம் காட்டும்போதும், அதையே சொல்லலாம்.

எழுத்தில் முதல் முறை வரும்போது 'லுஸ்ஸெக்கட் என்னும் லூசியா பன்'. அடுத்த முறையிலிருந்து லூசியா பன் போதும்.