பட்டாவில் ஒன்று, பிளானில் ஒன்று: வார்டு உறுப்பினர்கள் படிக்க வேண்டிய நிலக் காகிதங்கள்

வார்டு உறுப்பினரோ ஊராட்சித் தலைவரோ, பதவியேற்ற கொஞ்ச நாளிலேயே நிலம் சம்பந்தமான மனு ஒன்று கைக்கு வந்துவிடும். பார்க் இடத்தில் கொட்டகை போடுகிறார்கள், வாய்க்காலைத் தூர்த்துவிட்டார்கள், பட்டா இருந்தும் வீட்டுக்கு அப்ரூவல் கிடைக்கவில்லை. இவற்றுக்குப் பதில் சொல்ல சர்வேயர் படிப்பு தேவையில்லை. இரண்டு வகை ஆவணங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒன்று, வருவாய்த் துறையின் ஆவணம். பட்டா, கிராமத்தின் நில விவரங்கள் எல்லாம் சர்வே எண் வாரியாக உள்ள 'அ' பதிவேடு, எஃப்.எம்.பி. என்று நாம் சொல்லும் புல வரைபடம் ஆகியவை இதில் அடங்கும். நிலம் யாருடையது, எவ்வளவு பரப்பு, நஞ்சையா, புஞ்சையா, கிராம நத்தமா, புறம்போக்கா என்பதை இவை சொல்லும். இன்னொன்று சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான். அந்த நிலத்தில் என்ன கட்டலாம், என்ன கூடாது என்பதை அது சொல்லும். இரண்டும் வேறு வேறு அலுவலகத்தில் இருக்கின்றன. ஒன்றில் செய்த மாற்றம் தானாக மற்றதில் ஏறிவிடாது.

அதனால்தான் பட்டாவில் புஞ்சை என்று இருக்கும் நிலம் திட்டத்தில் முதன்மைக் குடியிருப்பாக இருக்கிறது. பக்காவான பட்டா வைத்திருப்பவரின் மனை விவசாயப் பகுதிக்குள்ளோ செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள்ளோ விழுந்து, அனுமதி நிற்கிறது. பட்டா என்பது கட்டட அனுமதி அல்ல. இதை வாக்காளரிடம் முதலிலேயே எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது.

இப்போது நடைமுறையில் இருப்பது 2008இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் முழுமைத் திட்டம். 1,189 சதுர கிலோமீட்டர் பரப்புக்கும் 2026ஆம் ஆண்டு வரைக்குமாகப் போடப்பட்டது. பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கும் அரசாணை 2022இல் வந்தது. எந்த நிலம் எந்த வகை என்று பிரிக்கும் கோடுகளை அடுத்த திட்டம் மாற்றும். ஆகவே நம் ஊரின் சர்வே எண்கள் இன்று எந்த வகையில் இருக்கின்றன என்று இப்போதே குறித்து வைப்பது அவசியம். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா விவரம் இலவசமாகக் கிடைக்கும். நில உபயோகத்தைச் சி.எம்.டி.ஏ.விடம் சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம்.

இனி, உறுப்பினர்கள் அதிகம் கோட்டைவிடும் இடத்துக்கு வருகிறேன்: ஓ.எஸ்.ஆர். எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீடு. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல் லேஅவுட் போடுபவர், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தந்தாக வேண்டும். பணம் கட்டித் தப்பிக்க முடியாது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், இடம் விட முடியாத நிலையில் அதன் மதிப்பைப் பணமாகக் கட்ட வழி உண்டு. 3,000க்குக் கீழே இந்தக் கடமை இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12,000 சதுர மீட்டர் லேஅவுட்டில் சாலைக்கு 3,000 போனால் மீதி 9,000. அதில் பத்தில் ஒரு பங்கு 900 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய நாலு கிரவுண்டு. சென்னைப் புறநகரில் நாலு கிரவுண்டு என்ன விலை போகும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் நலச்சங்கச் செயலாளராக இருந்தபோது எங்கள் நகரின் லேஅவுட் வரைபடத்தை ஒருநாள் மேசையில் விரித்தோம். மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டிய பழைய ஜெராக்ஸ். தென்கிழக்கு மூலையில் 'பூங்கா' என்று எழுதியிருந்தது. தானப் பத்திரமும் முறையாகப் பதிவாகியிருந்தது. பட்டாவைப் பார்த்தால், பழைய நில உரிமையாளர் பெயர் அப்படியே நின்றது! பத்திரம் வாங்கியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். பட்டா மாற்றத்துக்கு யாரும் மனு கொடுக்கவில்லை. அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் விற்பனை ஒப்பந்தத்தோடு வேலி போட வந்தார். தாசில்தார் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து பெயரை மாற்ற இரண்டு வருடம் ஆனது. அன்றைய உறுப்பினருக்கு இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால், ஒரு கடிதத்தில் முடிந்திருக்கும்.

அதனால் உங்கள் வார்டில் உள்ள ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் மூன்று காகிதங்களை ஒன்றாகச் சேர்த்துக் கோப்பில் வையுங்கள்: அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், தானப் பத்திரத்தின் நகல், இன்றைய தேதியில் எடுத்த பட்டா. மூன்றிலும் பரப்பு ஒத்துப்போக வேண்டும். பட்டா உள்ளாட்சியின் பெயரில் இருக்க வேண்டும். கிடைக்காத காகிதத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போடுங்கள்.

ஊராட்சிகளுக்கு மத்திய அரசின் 'கிராம் மன்சித்ரா' வரைபடச் செயலி இருக்கிறது. குளம், பள்ளி, சாலை எல்லாவற்றையும் ஒரே படத்தில் வைத்துப் பார்த்துத் திட்டமிடலாம். மறைமலைநகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் ஊராட்சிப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி தருகிறது. அழைப்பு வந்தால் தவறவிடாதீர்கள்.

கடைசியாக, நில உபயோக மாற்றம். விவசாயப் பகுதியையோ தொழிற்சாலைப் பகுதியையோ குடியிருப்பாக மாற்றக் கேட்டு யாராவது விண்ணப்பித்தால், ஆட்சேபனை கேட்டு நாளிதழில் அறிவிப்பு வரும். அதில் கிராமப் பெயரும் சர்வே எண்ணும்தான் இருக்கும். படிப்பவர்களுக்கு அது வெறும் எண். அந்த எண் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளம், ஐப்பசி மழையில் நாலு தெருவின் தண்ணீரும் வந்து தேங்கும் இடம் என்று அடையாளம் காட்ட முடிந்தவர் உள்ளூர் உறுப்பினர் ஒருவர்தான். ஊராட்சியில் கிராம சபையிலும், நகரத்தில் ஏரியா சபையிலும் அந்த அறிவிப்பை வாசித்துக் காட்டுங்கள். ஆட்சேபனை இருந்தால் வாய்மொழியாக விடாமல், புல வரைபட நகலும், தண்ணீர் நிற்கும்போது தேதியோடு எடுத்த போட்டோவும் இணைத்து, கெடுவுக்குள் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.