ஸ்லிப்பேஜ்: விலை விலகல்

கிரிப்டோ டோக்கன் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும்போது, எதிர்பார்த்த விலைக்கும் கடைசியில் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்லிப்பேஜ். ஆங்கில ‘ஸ்லிப்’ இடைக்காலக் கீழ் ஜெர்மன் மொழியின் ‘ஸ்லிப்பென்’ வழி வந்தது. வழுக்குதல், நழுவுதல் என்று பொருள். ‘ஏஜ்’ பிரெஞ்சு வழி ஒட்டிய விகுதி. தமிழில் ‘சறுக்கல்’ என்று எழுதுகிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. சறுக்கினால் கீழேதான் போகும். விலையோ சில நேரம் நமக்குச் சாதகமாகவும் நகரும். ‘விலை விலகல்’ என்பதே சரி.

கட்டணம் வேறு, விலகல் வேறு. மன்னார்குடிப் பக்கம் களத்துக்கு வரும் நெல் வியாபாரியிடம், “தரகு, ஏத்துக்கூலி எல்லாம் போக மூட்டைக்கு இவ்வளவு கையில நிக்கணும், கொறைஞ்சா தர மாட்டேன்” என்பார்கள். தரகு முன்கூட்டியே தெரிந்த கழிவு. லாரி வந்து சேர்வதற்குள் விலை மாறினால் அதுதான் விலகல். கையில் நிற்க வேண்டிய தொகைதான் பரவலாக்கப்பட்ட பரிமாற்றகத்தில், அதாவது நிரலே டோக்கன்களை மாற்றித் தரும் சந்தையில், ‘மினிமம் அவுட்புட்’. அதற்குக் குறைந்தால் பரிவர்த்தனை நடக்காது. ‘குறைந்தபட்சக் கைவரவு’ என்று சொல்லலாம்.

ஒரு கணக்கு. யூனிஸ்வாப் என்ற பரிமாற்றகத்தின் இரண்டாம் பதிப்பில் கட்டணம் 0.3 சதவீதம். அது உள்ளே போகும் டோக்கனிலேயே கழிகிறது. அதில் பெரும்பகுதி, மாற்றுவதற்காக இரண்டு டோக்கன்களையும் சேர்த்து வைத்திருக்கும் ‘தொகுப்பில்’ முதல் போட்டவர்களுக்குச் சேர்கிறது. நடுவில் தரகர் யாரும் இல்லை. அதனால் இதைத் தரகு என்று எழுதாமல் ‘பரிமாற்றக் கட்டணம்’ என்றே எழுதலாம். தொகுப்பில் இரண்டு டோக்கனும் தலா 1,00,000 இருக்கின்றன. நீங்கள் 1,000 போடுகிறீர்கள். இரண்டு இருப்புகளின் பெருக்கல் மாறாமல் இருக்க வேண்டும் என்பது விதி என்பதால், கட்டணமே இல்லையென்றாலும் 1,000 வராது, 990.10 வரும். கட்டணம் போக 987.16. விலகல் வரம்பு, அதாவது நீங்கள் பொறுத்துக்கொள்ளும் விலகல், 0.5 சதவீதம் என்றால், குறைந்தபட்சக் கைவரவு இந்த 987.16-லிருந்து கணக்காகி 982.22 ஆகும்.

சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள் தடுமாறும் இடம் இதுதான். கட்டணத்தை மறந்து 990.10-லிருந்து கழித்தால் 985.15 வரும். 0.5 சதவீதம் இடம் விட்டதாக நினைப்பீர்கள். உண்மையில் இருப்பது 0.2 சதவீதம்தான். விலை லேசாக அசைந்தாலே பரிவர்த்தனை ரத்தாகும், பிளாக்செயினுக்குக் கட்டும் கேஸ் கட்டணமும் போய்விடும். தொகுப்பின் அப்போதைய விலையை அப்படியே எடுத்து 1,000-லிருந்து 995 என்று வைத்தால், விலை உங்கள் பக்கம் நகர்ந்தாலொழிய நிறைவேறாது.

மறுபக்கமும் உண்டு. காட்டப்படும் மதிப்பில் கட்டணம் ஏற்கெனவே கழிந்திருக்க, அதை இன்னொரு முறை கழித்தால் 979.28 ஆகும். அந்தக் கூடுதல் இடைவெளி, உங்களுக்கு முன்னால் வாங்கிப் பின்னால் விற்கும் தானியங்கி நிரல்களான ‘பாட்’களுக்குத்தான் லாபம். குறைந்தபட்சக் கைவரவைப் பூஜ்யமாக வைப்பது கதவைத் திறந்து போடுவது மாதிரி. எக்காரணம் கொண்டும் அப்படிச் செய்ய வேண்டாம்.

இரண்டு தொகுப்புகள் வழியாக மாற்றினால் கட்டணமும் இரண்டு முறை. போட்டதில் சுமார் 0.6 சதவீதம் அதற்கே போகும். மூன்றாம் பதிப்பில் ஒரே ஜோடிக்கு 0.01, 0.05, 0.3, 1 சதவீதம் என வெவ்வேறு கட்டணத் தொகுப்புகள் இருப்பதால், எந்தத் தொகுப்பு என்று பார்த்த பிறகே கைவரவைக் கணக்கிட வேண்டும்.