வென்டிலேட்டர்: காலதரிலிருந்து மூச்சியக்கி வரை

வீட்டுச் சுவரில், ஜன்னலுக்கு மேலே கூரையை ஒட்டி ஒரு சின்னத் திறப்பு விடுவார்கள். அதற்கும் வென்டிலேட்டர் என்றுதான் பெயர். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் இயந்திரத்துக்கும் அதே பெயர். ஒன்றில் அசைகிற பாகமே கிடையாது. இன்னொன்றில் வால்வு, சென்சார், திரை, ஓயாத அலாரம் எல்லாம் உண்டு. ஆனாலும் பெயர் பொருந்துகிறது, இரண்டும் செய்வது ஒரே வேலைதான்: காற்றை உள்ளே விடுவது, வெளியே விடுவது. அதற்கு மேல் எதுவும் இல்லை. இந்த ‘அதற்கு மேல் எதுவும் இல்லை’ என்பதைப் பிடித்துக்கொண்டால் இயந்திரத்தின் பாதி அமைப்புகள் தாமாகவே விளங்கிவிடும்.

இலத்தீனில் ‘வென்டுஸ்’ என்றால் காற்று. அதிலிருந்து வந்த ‘வென்டிலாரே’ என்ற வினைக்கு விசிறுதல் என்று பொருள்; தானியத்தைக் காற்றில் தூற்றுதல் என்றும் பொருள் உண்டு. ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்கிறோமே, அதே தூற்றுதல்தான். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ், கப்பல்களிலும் சிறைகளிலும் தேங்கிக் கெட்டுப்போன காற்றை வெளியேற்றப் பெரிய துருத்திகளை அமைத்தார். அவற்றை அவர் வென்டிலேட்டர் என்றே அழைத்தார். அதுபற்றி அவர் எழுதிய நூல் 1743இல் வெளியானது.

காற்று வரும் வழிக்குத் தமிழில் அழகான பழஞ்சொல் ஒன்று இருக்கிறது: காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் ‘மான்கட் காலதர் மாளிகை’ என்று வருகிறது, மானின் கண் போன்ற சாளரங்கள் கொண்ட மாளிகை. சுவரில் உள்ள வென்டிலேட்டருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. இயந்திரத்துக்கு இதை வைக்க முடியாது. காலதர் வழி மட்டும்தான், தள்ளும் விசை அதில் இல்லை.

சரி, இயந்திரத்துக்கு என்ன சொல்வது? நாளிதழ்களில் ‘செயற்கை சுவாசக் கருவி’ என்று எழுதுகிறார்கள். எல்லாருக்கும் புரிகிறது. ஆனால் படிக்க வருபவரைக் குழப்புவதும் இந்தச் சொல்தான். சுவாசம் என்பதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. காற்று நுரையீரலுக்குள் போய் வருவது ஒன்று. அங்கே ஆக்சிஜன் ரத்தத்தில் சேர்ந்து, கரியமில வாயு ரத்தத்திலிருந்து வெளியேறுவது இன்னொன்று. இயந்திரம் செய்வது முதல் வேலையை மட்டும். இரண்டாவதை நோயாளியின் நுரையீரல்தான் செய்தாக வேண்டும். அது கெட்டுப்போயிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் அதற்குப் பதிலாகாது.

ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் இருந்தது. 1928இல் பாஸ்டனில் பிலிப் டிரிங்கரும் லூயி ஷாவும் உருவாக்கிய ‘இரும்பு நுரையீரல்’ அந்தக் காலத்தில் ‘டிரிங்கர் ரெஸ்பிரேட்டர்’ என்றே அறியப்பட்டது. ரெஸ்பிரேட்டர், அதாவது சுவாசிப்பி. கழுத்துக்குக் கீழே உடம்பு முழுவதையும் ஒரு பெட்டிக்குள் வைத்து, பெட்டிக்குள் அழுத்தத்தைக் குறைப்பார்கள். மார்பு விரியும், காற்று தானாக உள்ளே இழுபடும். பிற்பாடு ரெஸ்பிரேட்டர் என்ற சொல் முகக்கவசங்களின் பக்கம் ஒதுங்கியது. மருத்துவமனையில் வென்டிலேட்டர் நிலைத்தது.

அந்த மாற்றத்துக்கு நடுவே 1952, கோபன்ஹேகன். போலியோ கொள்ளைநோய். பிளெக்டாம் மருத்துவமனையில் முதல் சில வாரங்களில் இரும்பு நுரையீரல் போன்ற எதிர்மறை அழுத்தக் கருவிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். ரத்தத்தில் பைகார்பனேட் என்ற காரப் பொருள் மிகுந்திருந்தது. ஏதோ விளங்காத காரத்தன்மை என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், அது காரத்தன்மை இல்லை, கரியமில வாயு வெளியேறாமல் தேங்கியிருக்கிறது என்றார். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்ததால் நோயாளிகள் நீலம் பாரிக்கவில்லை. ஆனால் காற்று போதுமான அளவு போய் வரவும் இல்லை. மூச்சுக்குழாயில் துளையிட்டு, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளச் செய்தார் இப்சன். இரவும் பகலும் முறைவைத்துப் பையை அமுக்கியவர்கள் மருத்துவ மாணவர்கள், ஏறத்தாழ 1,500 பேர். இன்றைய வென்டிலேட்டர் என்பது அந்த மாணவரின் கைதான். எவ்வளவு அமுக்க வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை தடவை, எப்போது விட வேண்டும் என்பதை இப்போது திரையில் எண்களாக இடுகிறோம்.

பழந்தமிழில் மூச்சுவிடுதலுக்கு ‘உயிர்த்தல்’ என்ற சொல் உண்டு. பெருமூச்சு என்பது நெட்டுயிர்ப்பு. அழகான சொல்தான், ஆனால் ‘உயிர்ப்புக் கருவி’ என்று வைத்தால் இயந்திரம் உயிரையே கொடுக்கிறது என்ற எண்ணம் வந்துவிடும். வார்டுக்கு வெளியே நிற்கும் உறவினர்களுக்கு ஏற்கெனவே அந்த எண்ணம் இருக்கிறது; சொல்லாலும் அதை வளர்க்க வேண்டாம். நான் எழுதும்போது ‘மூச்சியக்கி’ என்கிறேன். மூச்சை இயக்குவது, அவ்வளவுதான். பேசும்போது வென்டிலேட்டர் என்றுதான் வாயில் வருகிறது. அதில் தப்பும் இல்லை.

இப்போது திரையில் இடும் எண்களுக்கு வருவோம். ‘செட்டிங்’ என்பதற்கு ‘அமைவு’ போதும். முதல் அமைவு ‘டைடல் வால்யூம்’, ஒரு மூச்சில் உள்ளே போகும் காற்றின் அளவு. ‘டைட்’ என்றால் கடலின் ஏற்றவற்றம். தமிழில் அதற்கு ஓதம். வந்து திரும்பும் அலைபோல மூச்சைப் பார்த்திருக்கிறார்கள். ஓதக் கொள்ளளவு என்று பெயர்க்கலாம், ஆனால் கேட்பவர் கடலுக்குப் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும். ‘மூச்சளவு’ என்றாலே விளங்கும்.

மூச்சளவை இடும்போது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, நோயாளியை எடைபோட்டுக் கணக்கிடுவது. உடம்பு பருத்தால் நுரையீரல் பருப்பதில்லை. அது உயரத்தை ஒட்டியது. அதனால் உயரத்திலிருந்து கணிக்கும் எடையைத்தான் எடுக்க வேண்டும். பெண்ணுக்கு 45.5உடன், உயரத்தில் 152.4 செ.மீ.க்கு மேற்பட்டதை 0.91ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஆணுக்கு 50இல் தொடங்க வேண்டும். 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 52.4 கிலோ வருகிறது. கிலோவுக்கு 6 மி.லி. என்றால் சுமார் 315 மி.லி. அவர் உண்மையில் 85 கிலோ இருந்து, அதை வைத்துக் கணக்குப் போட்டால் 510 மி.லி. ஆகிவிடும். இந்த இடைவெளி சாதாரணமானது இல்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், கடுமையான நுரையீரல் பாதிப்புள்ளவர்களுக்குக் கிலோவுக்கு 12 மி.லி. கொடுத்த பிரிவில் 39.8 விழுக்காட்டினர் இறந்தார்கள்; 6 மி.லி. கொடுத்த பிரிவில் 31 விழுக்காட்டினர்.

மூச்சளவை நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற எண்ணால் பெருக்கினால் வருவது நிமிட அளவு. கரியமில வாயு வெளியேறுவது பெரும்பாலும் இதைப் பொறுத்ததுதான். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. 400 மி.லி. வீதம் 15 தடவை என்றாலும் 6 லிட்டர், 200 மி.லி. வீதம் 30 தடவை என்றாலும் 6 லிட்டர். இரண்டும் ஒன்றா? ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 150 மி.லி. காற்றுக்குழாய்களிலேயே நின்று, வாயுப் பரிமாற்றம் நடக்கும் இடத்தை எட்டாமல் திரும்பிவிடுகிறது. அதைக் கழித்தால் முதலாவதில் 3.75 லிட்டர் பயன்படுகிறது. இரண்டாவதில் வெறும் 1.5 லிட்டர். இந்த வீணாகும் இடத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘டெட் ஸ்பேஸ்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து நோயாளியின் தலைமாட்டில் சொல்லிப் பாருங்கள், யாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ‘பயனில் வெளி’ என்பது என் தேர்வு.

ஆக்சிஜன் பக்கம் வேறு இரண்டு அமைவுகள். ஒன்று, உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு, ‘ஃபையோடூ’. வெளிக்காற்றில் 21 விழுக்காடு. இயந்திரத்தில் 100 வரை ஏற்றலாம். மற்றொன்று ‘பீப்’. மூச்சு வெளியேறி முடிந்த பிறகும் நுரையீரலுக்குள் மிச்சம் வைக்கும் அழுத்தம் இது. முறைப்படி ‘மூச்சிறுதி நேரழுத்தம்’ எனலாம்; வார்டில் பீப்தான். ஒரு கோப்பைத் தண்ணீரில் உறிஞ்சுகுழலை 5 செ.மீ. ஆழத்துக்கு விட்டு ஊதுங்கள். குமிழி வர எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அதுதான் 5 செ.மீ. நீரளவு. பச்சிளங்குழந்தைகளுக்கான சில கருவிகளில் இன்றும் வெளிமூச்சுக் குழாயைத் தண்ணீரில் அமிழ்த்திவைத்துத்தான் இந்த அழுத்தத்தை உண்டாக்குகிறார்கள். முழுக்கச் சுருங்கிய பலூனை ஊதத் தொடங்குவது கடினம், பாதி ஊதியதை மேலும் ஊதுவது எளிது. காற்றறைகள் ஒவ்வொரு மூச்சிலும் முழுக்கச் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் பாதி ஊதிய நிலையிலேயே வைப்பது பீப்பின் வேலை. ஆக, கரியமில வாயு கூடினால் மூச்சளவையும் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் ஃபையோடூவையும் பீப்பையும். ஆக்சிஜன் குறையும்போது எண்ணிக்கையை ஏற்றுபவர், சுவாசம் என்ற சொல்லில் இரண்டு வேலைகளையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறார்.

அடுத்து ‘மோட்’. இலத்தீன் ‘மோடுஸ்’ என்றால் அளவு, விதம். தமிழில் ‘முறை’ என்று எழுதினால் ‘நிமிடத்துக்கு 15 முறை’ என்பதோடு மோதும். அதனால் ‘பாங்கு’ என்பேன். பாங்குகளின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் பலன் குறைவு. ஒரே பாங்கை ஒரு நிறுவனம் பிஆர்விசி என்கும், டிரேகர் ஆட்டோஃப்ளோ என்கும், ப்யூரிட்டன் பென்னெட் விசி பிளஸ் என்கும். ஒவ்வொரு மூச்சையும் மூன்று கேள்வி கேட்டால் போதும். யார் தொடங்கியது? எதுவரை தள்ளியது? எதைப் பார்த்து நிறுத்தியது?

‘வால்யூம் கன்ட்ரோல்’ என்பதை ‘அளவுக் கட்டுப்பாடு’ என்று எழுதினால் யாரையோ கட்டிப்போடுவதுபோல் கேட்கிறது. அளவு உறுதி என்று பொருள்கொண்டால் தெளிவு: இட்ட அளவு உள்ளே போயே தீரும், அதற்கு எவ்வளவு அழுத்தம் ஆகும் என்பது நுரையீரலின் விருப்பம். ‘பிரஷர் கன்ட்ரோல்’ அழுத்த உறுதி: அழுத்தம் இட்டபடி நிற்கும், எவ்வளவு காற்று போகும் என்பது நுரையீரலின் விருப்பம். நோயாளியோடு இணைக்கும் முன் சோதனைப் பையை மாட்டிப் பார்த்தால் இது கைக்கே தெரியும். அளவு உறுதியில் 400 வைத்துப் பையை இறுக்கிப் பிடியுங்கள். அளவு 400இலேயே நிற்கும், அழுத்தம் 18 செ.மீ. நீரளவிலிருந்து 30, 35 என்று ஏறி அலாரம் கத்தும். அழுத்த உறுதிக்கு மாற்றி அதே மாதிரி பிடியுங்கள். அழுத்தம் அசையாது, அளவு 400இலிருந்து 220க்கு விழும். அலாரமும் அந்தந்தப் பாங்குக்கு வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும்.

அழுத்தம் ஏறினால் உடனே பயப்படவும் வேண்டாம். உள்மூச்சின் முடிவில் ஒரு நொடி நிறுத்திப் பார்த்தால் வரைகோடு உச்சியிலிருந்து சற்று இறங்கிச் சமதளமாக நிற்கும். இதற்கு ‘பிளாட்டோ பிரஷர்’ என்று பெயர். பீடபூமி அழுத்தம் என்று பெயர்த்ததைக்கூடப் படித்திருக்கிறேன். ‘நிலை அழுத்தம்’ போதாதா? உச்ச அழுத்தம் மட்டும் ஏறி நிலை அழுத்தம் அப்படியே இருந்தால் சிக்கல் குழாய்ப் பாதையில்: சளி, மடிப்பு, மூச்சுக்குழல் இறுக்கம். இரண்டும் சேர்ந்து ஏறினால் நுரையீரலே விறைத்திருக்கிறது, அல்லது வெளியிலிருந்து ஏதோ அதை அழுத்துகிறது. நிலை அழுத்தம் 30க்கு உள்ளேயே இருக்க வேண்டும் என்பது பொது விதி.

மூன்று கேள்விகளை ‘பிரஷர் சப்போர்ட்’ பாங்கிடம் கேளுங்கள். தொடங்குபவர் நோயாளி. தள்ளுவது இட்ட அழுத்தம் வரை. நிறுத்துவது காற்றின் வேகம் குறைவதைப் பார்த்து. பெரும்பாலும் உச்ச வேகத்தில் கால் பங்காகக் குறைந்ததும். மூச்சைத் தொடங்கும் பொறுப்பை இயந்திரம் கையில் வைத்திருக்கவில்லை. அதனால்தான் இது தானாக மூச்செடுப்பவருக்கு மட்டும்.

இயந்திரத்திலிருந்து விடுவிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘வீனிங்’ என்பார்கள். குழந்தையைத் தாய்ப்பாலிலிருந்து மாற்றுவதற்கான சொல் அது; பழைய ஆங்கிலத்தில் ‘பழக்குதல்’ என்ற வேரிலிருந்து வந்தது. புதியதற்குப் பழக்குவது. தமிழில் அதே செயலைப் ‘பால் மறக்கடித்தல்’ என்கிறோம். நாம் பழையதை மறக்கடிக்கிறோம். ஒரே செயலை இரண்டு முனையிலிருந்து பார்க்கும் சொற்கள். மூச்சியக்கிக்குத் தமிழ் முனைதான் பொருந்தும் என்பது என் எண்ணம். மூச்சுவிட யாரையும் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை. இயந்திரத்தின் துணையை மறக்கடித்தால் போதும். ‘மூச்சியக்கி மறக்கடித்தல்’ என்று நோட்டில் எழுதிவைத்தேன், பக்கத்தில் இருந்தவர் சிரித்தார், ஆனால் பொருள் கேட்கவில்லை.

மறக்கடிக்கும் முன் ஒரு பரீட்சை உண்டு. துணையை மிகக் குறைத்து, 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை நோயாளியைத் தன் மூச்சில் விட்டுப் பார்ப்பார்கள். நிமிட எண்ணிக்கையை லிட்டரில் உள்ள மூச்சளவால் வகுப்பது ஒரு குறிப்பு. 30 மூச்சு, 0.3 லிட்டர் என்றால் 100. இந்த ஈவு 105க்கு மேல் போனால் மேலோட்டமாக, வேகவேகமாக இழுக்கிறார் என்று பொருள். பயனில் வெளிக்கே பாதிக் காற்று போய்விடுகிறது. 105க்குக் கீழே என்றால் நல்ல அறிகுறி, ஆனால் குழாயை எடுப்பதற்கு அது மட்டும் போதாது. இருமிச் சளியைத் துப்ப முடிகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.