முத்தவல்லி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? பள்ளிவாசல் நிர்வாகம் பற்றி வக்ஃபு சட்டம் சொல்வது

பள்ளிவாசல் நிர்வாகத்துக்குத் தேர்தல் வந்தால் மஹல்லாவே, அதாவது அந்தப் பள்ளியைச் சேர்ந்த ஊர்ப்பகுதியே, பரபரப்பாகிவிடும். யார் தலைவர், யார் செயலாளர் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வாசலில் நின்று பேசுவார்கள். தேர்வானவர்கள் அடுத்த மார்ச் மாதத்துக்குள் என்ன செய்து முடிக்க வேண்டும் என்று கேட்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. தொழ வரும் சாதாரண ஆளுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது அதைவிடக் குறைவாகவே தெரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் பள்ளிவாசல், தர்கா, மையவாடி (அடக்கத்தலம்), மதரஸா என எதுவானாலும், அதன் சொத்து வக்ஃபு, அதாவது மார்க்கப் பணிக்கோ அறப்பணிக்கோ நிரந்தரமாக ஒப்படைக்கப்பட்டது, என்றால் நிர்வாகம் 1995 ஆம் ஆண்டு வக்ஃபு சட்டத்துக்கு உட்பட்டது. அந்தச் சட்டத்தில் 2013 இலும் 2025 இலும் பெரிய திருத்தங்கள் வந்தன. மேற்பார்வை செய்வது சென்னையில் தலைமை அலுவலகம் உள்ள தமிழ்நாடு வக்ஃபு வாரியம். வக்ஃபை நிர்வகிப்பவர்தான் முத்தவல்லி. அந்தச் சொல்லைக் கேட்டதும் பரம்பரையாகப் பொறுப்பில் இருக்கும் ஒரு பெரியவர்தான் நினைவுக்கு வருவார். சட்டத்தின் பார்வையில் அந்தச் சொல் இன்னும் விரிந்தது. வக்ஃபு பத்திரப்படி வந்தவர், ஊர் வழக்கப்படி வந்தவர், வாரியம் நியமித்தவர் எல்லோரும் முத்தவல்லிதான். இப்போதைக்கு நிர்வாகத்தை நடத்திக்கொண்டிருக்கும் குழுவும் அதில் அடங்கும். 'நான் முத்தவல்லி இல்லை, வெறும் கமிட்டித் தலைவர்தான்' என்று சொல்லி யாரும் ஒதுங்கிவிட முடியாது.

இன்னொரு விஷயம் பலருக்குப் புதிதாக இருக்கும். சட்டத்தின் 101 ஆம் பிரிவு முத்தவல்லியையும் நிர்வாகக் குழு உறுப்பினர்களையும் 'பொது ஊழியர்' என்றே கருதுகிறது. சம்பளம் இல்லை, அரசு நியமன ஆணை இல்லை. ஆனாலும் பொறுப்பில் இருக்கும் வரை அவர் பொது ஊழியருக்குச் சமம். நம்பி ஒப்படைத்த பணத்தில் மோசடி செய்தால் சாதாரண ஆளுக்கு உள்ள தண்டனையைவிடப் பொது ஊழியருக்கு உள்ள தண்டனை மிகக் கடுமையானது. மாலை போட்டு வரவேற்கும்போது இதையும் ஒருவர் எடுத்துச் சொன்னால் நல்லது.

மார்க்கத்தில் இல்லாத ஒன்றை அரசு திணிக்கிறது என்று இதை நினைக்கத் தேவையில்லை. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை நபித்தோழர் உமர் (ரலி) வக்ஃபு செய்தபோதே நிபந்தனைகள் தெளிவாக இருந்தன. அதை விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுகளுக்குப் பிரித்துத் தரக் கூடாது. பார்த்துக்கொள்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து சாப்பிடலாம், அதை வைத்துத் தனக்குச் சொத்து சேர்க்கக் கூடாது. அந்த வக்ஃபின் பொறுப்பு பிறகு அவருடைய மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வந்தது. நிர்வாகத்தில் பெண்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பழைய சான்று வேண்டுமா? வாரியத்தில் குறைந்தது 2 பெண்கள் இருக்க வேண்டும் என்று 2013 திருத்தமே சொல்லிவிட்டது. ஜமாஅத் அளவில், அதாவது ஒரு பள்ளியைச் சேர்ந்த மக்கள் அளவில், நாம் இன்னும் வெகுதூரம் பின்தங்கித்தான் இருக்கிறோம்.

சரி, ஒரு நிர்வாகி ஆண்டு முழுவதும் செய்ய வேண்டியது என்ன? முதலில் பட்ஜெட். வரும் நிதியாண்டுக்கான உத்தேச வரவு செலவை, அந்த ஆண்டு தொடங்குவதற்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். அதாவது மார்ச் தொடங்கும் நேரத்தில் அது தயாராக இருக்க வேண்டும். அடுத்தது கணக்கு. மார்ச் 31 உடன் முடியும் 12 மாத வரவு செலவு முழுவதையும் ஜூலை 1 ஆம் தேதிக்கு முன் கொடுக்க வேண்டும். உண்டியல், சந்தா, கடை வாடகை, தோப்புக் குத்தகை என்று எந்த வழியில் வந்தாலும் வரவு வரவுதான். நிகர ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால், மாநில அரசு தயாரித்த பட்டியலிலிருந்து வாரியம் நியமிக்கும் தணிக்கையாளர் ஆண்டுதோறும் தணிக்கை செய்வார். இந்த வரம்பு 2025 வரை 50,000 ரூபாயாக இருந்தது. வருமானத்தில் ஒரு பங்கை வாரியத்துக்குச் செலுத்தவும் வேண்டும். அது முன்பு 7 சதவீதம் வரை இருந்தது, 2025 திருத்தம் அதை 5 சதவீதமாகக் குறைத்திருக்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, சின்ன மஹல்லாவில் இதையெல்லாம் யார் எழுதுவது என்று மலைப்பவர்கள் உண்டு. அந்த மலைப்பு எனக்குப் புரிகிறது. வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் கணக்கு எழுதும் பொருளாளர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வேலை கடினமாவதற்குக் காரணம் பெரும்பாலும் சட்டம் அல்ல. ரசீது போடாமல் வாங்குவதும், பற்றுச்சீட்டு இல்லாமல் செலவழிப்பதும்தான். ஒரு ஜமாஅத்தில் மூன்று ஆண்டுக் கணக்கை ஒரே வாரத்தில் எழுதி முடிக்க உட்கார்ந்தார்கள். யாரும் பணத்தைத் தொடவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை நிரூபிக்க அவர்களிடம் ஒரு காகிதமும் இல்லை. பல காலம் நேர்மையாக உழைத்தவர்கள் கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க மனது கனத்துப்போனது. ஆகவே வாரா வாரம், உண்டியல் திறக்கும் அன்றே இரண்டு பேர் கையெழுத்துடன் எழுதிவிடுங்கள்.

அப்புறம், நல்ல எண்ணத்தோடு செய்தாலும் தவறாகிவிடும் சில காரியங்கள் இருக்கின்றன. பள்ளிப் பணத்திலிருந்து யாருக்காவது கைமாற்றாகக் கொடுப்பது அவற்றில் முதலாவது. கஷ்டத்தில் இருக்கும் சகோதரருக்குக் கொடுத்தோம், திருப்பித் தந்துவிடுவார் என்பார்கள். வக்ஃபு பணத்தைக் கடன் கொடுக்கவும், வக்ஃபுக்காகக் கடன் வாங்கவும் வாரியத்தின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 76 ஆம் பிரிவு. வக்ஃபு பத்திரத்திலேயே அதற்கு வெளிப்படையான அனுமதி இருந்தால் மட்டும் விதிவிலக்கு. உதவி செய்ய வேண்டுமானால் அதற்கென்று தனியாக பைத்துல்மால் (உதவி நிதி) வைத்து, தனிக் கணக்கு எழுதுவதுதான் பாதுகாப்பு.

இரண்டாவது, பள்ளிவாசல் கடைகள். நிர்வாகி தன் பெயரிலோ, தனக்காக வேறொருவர் பெயரிலோ பள்ளியின் கடையைக் குத்தகைக்கு வைத்திருந்தால் அதுவே முத்தவல்லியைப் பதவியிலிருந்து நீக்கப் போதுமான காரணம். கடையை வாடகைக்கு விடுவதும் முத்தவல்லி தன் விருப்பப்படி செய்யக்கூடியதல்ல, வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். 30 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் செல்லாது. வக்ஃபு சொத்தை விற்றாலோ, தானமாகவோ அடமானமாகவோ கொடுத்தாலோ, அந்தப் பத்திரம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது.

பதவி நீக்கத்தைப் பற்றி 64 ஆம் பிரிவு பேசுகிறது. முன்பு தொடர்ந்து இரண்டு ஆண்டு கணக்கு எழுதாமலோ கொடுக்காமலோ இருந்தால்தான் நடவடிக்கை. 2025 திருத்தத்துக்குப் பிறகு ஓர் ஆண்டு தவறினாலே போதும். நியாயமான காரணம் இருந்தால் சொல்லலாம். பணத்தைத் தவறாகப் பயன்படுத்துவது, கடமையைத் தொடர்ந்து புறக்கணிப்பது, வாரியத்தின் சட்டப்படியான உத்தரவுகளை வேண்டுமென்றே மீறிக்கொண்டே இருப்பது ஆகியவையும் பட்டியலில் உண்டு. ஆனால் யாரோ ஒருவர் புகார் எழுதினார் என்பதற்காக உடனே நீக்கிவிட முடியாது. விசாரணை நடக்க வேண்டும், வாரிய உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலான காரணங்களில், நீக்கப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் வக்ஃபு தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

இனி பொதுமக்கள் பக்கம். என் மனதில் இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான். 'வக்ஃபில் அக்கறை உள்ளவர்' என்று சட்டம் ஒரு சொல்லை வைத்திருக்கிறது. அந்தப் பள்ளியில் தொழும் உரிமை உள்ளவர், அந்த மையவாடியில் அடக்கம் செய்யும் உரிமை உள்ளவர் என எல்லோரும் அதில் வருவார்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவரும் தொழ வருபவர்தானே! 70 ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட யாரும் நிர்வாகத்தைப் பற்றி விசாரிக்கச் சொல்லி வாரியத்துக்கு மனு கொடுக்கலாம். மனுவோடு பிரமாண வாக்குமூலம், அதாவது அபிடவிட், இணைக்க வேண்டும். பெயரில்லாத மொட்டைக் கடிதமும் வாட்ஸ்அப்பில் சுற்றும் குற்றச்சாட்டும் இங்கே செல்லாது. தன் பெயரைப் போட்டு, சத்தியம் செய்து சொல்பவரைத்தான் சட்டம் கேட்கும். நியாயமான காரணம் இருப்பதாக வாரியம் கருதினால் விசாரணை தொடங்கும். விசாரிப்பவருக்குச் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இருக்கிறது.

எல்லாச் சிக்கலும் ஊழல் அல்ல. பல ஊர்களில் உண்மையான பிரச்சினை விதிகளே இல்லாததுதான். தேர்தல் எப்போது, யாருக்கு ஓட்டு, பொதுக்குழு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று எதுவும் எழுத்தில் இருக்காது. இதற்கு 69 ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அக்கறை உள்ளவர்கள் 5 பேருக்குக் குறையாமல் சேர்ந்து மனு கொடுத்தால், வாரியம் விசாரித்து, முத்தவல்லியிடமும் கருத்துக் கேட்டு, அந்தப் பள்ளிக்கென்று நிர்வாகத் திட்டம் ஒன்றை உருவாக்கலாம். இதைத்தான் ஊரில் 'ஸ்கீம்' என்பார்கள். உங்கள் பள்ளிக்கு ஸ்கீம் இருக்கிறதா என்று தெரியாவிட்டால் வாரியத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். உங்கள் நிர்வாகம் கணக்குக் கொடுத்திருக்கிறதா என்றும் அதே மனுவில் கேட்கலாம். கேட்பது பகை அல்ல. அமானத்தை, அதாவது நம்பி ஒப்படைத்த பொறுப்பைச் சுமப்பவருக்கு அது ஒரு பாதுகாப்பு.

2025 திருத்தச் சட்டம் அந்த ஆண்டு ஏப்ரல் 8 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் சில பகுதிகளை, குறிப்பாக ஐந்து ஆண்டு மார்க்கத்தைக் கடைப்பிடித்தவர்தான் வக்ஃபு செய்யலாம் என்ற நிபந்தனையை, உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15 இல் இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. மாநில வாரியத்தில் முஸ்லிம் அல்லாத உறுப்பினர் 3 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொல்கிறது. நிர்வாகிகளுக்கு உடனடி வேலையாக வந்தது, வக்ஃபு சொத்து விவரங்களைப் பதிவு செய்வதற்கான மத்திய அரசின் உமீத் இணையதளம்தான். ஏற்கெனவே பதிவான வக்ஃபுகளும் தங்கள் சொத்து விவரங்களை அதில் ஏற்ற வேண்டும். 2025 ஜூன் 6 இல் தொடங்கிய இணையதளத்தில் ஆறு மாதக் கெடு டிசம்பர் தொடக்கத்தில் முடிந்தது. தவறவிட்டவர்கள் தகுந்த காரணத்தோடு தீர்ப்பாயத்தை அணுகினால், அது மேலும் ஆறு மாதம் வரை அவகாசம் தரலாம். உங்கள் பள்ளியின் விவரங்கள் ஏறிவிட்டனவா என்று நிர்வாகத்திடம் இன்றே கேளுங்கள்.

அழைப்புப் பணி செய்யும் அமைப்புகளைப் பற்றியும் கேட்கிறார்கள். சங்கமாகப் பதிவானவை 1975 ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாளருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும், அறக்கட்டளைகளுக்கு வேறு விதிகள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

கடைசியாகப் பொறுப்பு மாறும் நேரம். சண்டைகள் பெரும்பாலும் அங்கேதான் வெடிக்கின்றன. மரணம், விலகல், நீக்கம் என எந்தக் காரணத்தால் முத்தவல்லி மாறினாலும் புதியவர் உடனே வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வேறு யாரும் தெரிவிக்கலாம். நீக்கப்பட்ட நிர்வாகம் உத்தரவில் குறித்த தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் பதிவேடு, கணக்கு, ரொக்கம், சொத்து எல்லாவற்றையும் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். சுமுகமாக மாறும் இடத்திலும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம். பத்திரங்களின் எண், வங்கி இருப்பு, கையிருப்பு, எழுதாத ரசீது புத்தகங்கள், கடைக்காரர்களின் முன்பணம், சாவிகள் என்று ஒரு பட்டியல் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒரு நகலைப் பொதுக்குழுவின் முன் வாசித்துவிடுங்கள்.