கியோட்டோ கிண்ணத்தில் ஒரு பெருக்கல் கணக்கு

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். செர்ரிப் பூ பார்க்கக் குடும்பத்தோடு ஜப்பான் போய்வந்திருக்கிறார்கள். கியோட்டோவில் ஒரு சின்ன உணவகத்தில் மூடி போட்ட கிண்ணத்தில் சூப் வந்ததாம். திறந்து பார்த்தால் வெந்நீர் மாதிரி இருக்கிறது. அடியில் ஒரு துண்டு டோஃபு, மேலே மிதக்கும் ஓர் இலை, அவ்வளவுதான். "இந்தச் சுடுதண்ணிக்கா இவ்வளவு செலவு பண்ணி வந்தோம் என்று என் கணவர் முணுமுணுத்தார். ஒரு வாய் குடித்தவர் பிறகு கிண்ணத்தைக் கீழே வைக்கவே இல்லை. எண்ணெய் கிடையாது, மசாலா கிடையாது, புளி கிடையாது. ருசி எங்கே ஒளிந்திருக்கிறது?" என்று கேட்கிறார். கூடவே ஒரு மனத்தாங்கலும் உண்டு. சுத்த சைவமான மாமியாருக்கு, மீன் வேண்டாம் என்று சைகையில் விளக்கி வாங்கிக்கொடுத்த அதே சூப்பில் மீன் இருந்தது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்ததாம்.

உணவகத்துக்காரர் ஏமாற்றியிருக்க வாய்ப்பில்லை. அவர் கண்ணுக்கு அது மீனே அல்ல, தாஷி. மிசோ சூப், உடோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகள், வேகவைத்த காய்கறி, முட்டை ஆம்லெட் என்று ஜப்பானியச் சமையலில் எதைத் தொட்டாலும் அடியில் இருக்கும் சாறு அது. கறி தெரியாததால் சைவம் என்று அவர் நினைத்திருப்பார். நம் ஊரில் சாம்பாரில் பெருங்காயம் போட்டதை யாராவது தனியாகச் சொல்வார்களா?

தாஷிக்கு இரண்டே பொருள். ஒன்று கொம்பு என்ற கடற்பாசி. ஹொக்கைதோவின் குளிர்ந்த கடலில் வளர்வதைக் காயவைத்துத் தெற்கே அனுப்புகிறார்கள். இன்னொன்று கட்சுவோபுஷி. மீனை வேகவைத்து, முள் எடுத்து, திரும்பத் திரும்பப் புகையூட்டி, உயர்ந்த ரகமென்றால் அதன்மேல் பூஞ்சையும் வளர்த்து, மாதக்கணக்கில் காயவைப்பார்கள். கடைசியில் அது கட்டை போலாகிவிடும். தச்சர் இழைப்புளியைக் கவிழ்த்து வைத்தது போன்ற ஒரு பெட்டியில் தேய்த்துச் சீவல் எடுக்கிறார்கள். அது என்ன மீன் என்று பார்த்தால் சூரை. தூத்துக்குடி, காயல்பட்டினம் பக்கத்து வாசகர்களும் இலங்கை வாசகர்களும் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். ஆம், நம் மாசிக்கருவாடேதான். அதே சூரையை அதே மாதிரி அவித்து, புகையிட்டு, காயவைத்தது. பூஞ்சைப் படலம் மட்டும் நம்மிடம் இல்லை.

செய்முறை எளிது. கொம்பைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லச் சூடாக்கி, கொதிக்கும் முன் எடுத்துவிட வேண்டும். பிறகு சீவலைப் போட்டு, ஓரிரு நிமிடத்தில் பிழியாமல் வடிகட்ட வேண்டும். மொத்தமே அரை மணி, ஒரு மணி நேர வேலை. ஆட்டுக்கால் சூப்பை ராத்திரி முழுக்கக் கொதிக்கவிடும் நமக்கு இது நம்ப முடியாத சோம்பேறித்தனம்.

இந்தச் சாற்றில் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு நான்குக்கும் அடங்காத ஒரு ருசி இருப்பதைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோனவர், தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கிகுனே இகேடா. 1908இல் சுமார் 12 கிலோ கொம்பிலிருந்து 30 கிராம் குளூட்டமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அதன் உப்பான குளூட்டமேட் தரும் ருசிக்கு உமாமி என்று பெயரிட்டார். 'உமாய்' என்றால் ருசியான, 'மி' என்றால் சுவை. மறு வருடமே அது வெள்ளைத் தூளாகக் கடைக்கு வந்தது. அந்தத் தூளின் கதைக்குப் பிறகு வருகிறேன். 1913இல் அவருடைய சீடர் ஷிந்தாரோ கொடாமா, கட்சுவோபுஷியின் ருசிக்குக் காரணம் ஐனோசினேட் என்று கண்டார். 1957இல் அகிரா குனினாகா மூன்றாவதாகக் குவானிலேட்டைச் சேர்த்தார். காய்ந்த ஷிடேக் காளானில் நிறைய இருப்பது அதுதான்.

இடையில் ஒன்று. துவர்ப்பைத்தான் ஜப்பான்காரன் உமாமி என்கிறான், நம் முன்னோர் அன்றே அறுசுவையில் வைத்துவிட்டார்கள் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். துவர்ப்பு என்பது வாழைப்பூவும் கடுக்காயும் வாயை இழுத்துப் பிடிக்கும் உணர்வு. உமாமி வேறு. எல்லாவற்றையும் நாமே முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

குனினாகா கண்டதில் அதிசயமானது குவானிலேட் அல்ல, கலவை. குளூட்டமேட்டையும் ஐனோசினேட்டையும் சம அளவில் சேர்த்தால் ருசி இரட்டிப்பாக வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஏறும் மடங்கோ ஏழெட்டு. 1967இல் ஷிசுகோ யமகுச்சி மனிதர்களைக் குடிக்கவைத்துச் சோதித்து இதற்கு ஒரு சமன்பாடே எழுதினார். அதில் இரண்டு பொருள்களின் அளவும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன. ஒன்றைச் சுழியமாக்கினால் அந்தப் பெருக்கல் முழுக்கக் காணாமல் போகிறது. ஐனோசினேட்டை மட்டும் தண்ணீரில் கலந்து குடித்தால் சொல்லிக்கொள்ளும்படி ருசி எதுவும் இராது.

ஏன் பெருக்கல்? இதற்கு விடை கிடைக்க இன்னும் நாற்பது வருடம் ஆனது. எனக்குப் பிடித்த இடமும் இதுதான்.

உமாமியைப் பிடிக்கும் சுவை ஏற்பி, நாக்கின் மொட்டுகளில் இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து நிற்பது என்று 2002 வாக்கில் உறுதியானது. ஒன்று டி1ஆர்1, மற்றது டி1ஆர்3. (இந்த டி1ஆர்3 இரண்டு வீட்டிலும் சாப்பிடும் பிள்ளை. டி1ஆர்2வோடு சேர்ந்தால் இனிப்பை உணரும், டி1ஆர்1ஓடு சேர்ந்தால் உமாமியை உணரும். மூங்கிலே கதியென்று ஆகிவிட்ட ராட்சத பாண்டாவில் டி1ஆர்1 மரபணு பழுதாகிக் கிடக்கிறது.) செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டி1ஆர்1இன் தலையை வாய் பிளந்த மட்டிச் சிப்பியாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மடல்கள், அடியில் ஒரு கீல். விஞ்ஞானிகள் இதற்குப் பூச்சி பிடிக்கும் வீனஸ் ஃப்ளைட்ராப் செடியின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

குளூட்டமேட் உள்ளே புகுந்து கீலை ஒட்டி ஆழத்தில் உட்காரும். மடல்கள் மூடும். மூடியிருக்கும்வரைதான் செல்லுக்குள் சேதி போகும். ஆனால் அந்த அளவில் எதுவும் அசையாமல் நிற்காது. வெப்பத்தில் எல்லாமே ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். மூடிய வாய் திறந்துகொள்ளும், குளூட்டமேட் நழுவி ஓடிவிடும். போதாததற்கு மடல்களின் உதட்டில் நேர்மின்னூட்டம் உள்ள அமினோ அமிலங்கள் எதிரெதிராக நிற்கின்றன. ஒத்த மின்னூட்டங்கள் விலக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆக வாய் மூடியபடி இருக்க மறுக்கிறது.

இப்போது ஐனோசினேட் வருகிறது. குளூட்டமேட்டின் இருக்கைக்கு அது போட்டி போடுவதில்லை. வாசலிலேயே, இரண்டு உதட்டுக்கும் நடுவே நின்றுவிடுகிறது. அதன் ஃபாஸ்பேட் பகுதிக்கு எதிர்மின்னூட்டம். இதுவரை முறைத்துக்கொண்டிருந்த இரண்டு உதடுகளும் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று என அதை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்தாயிற்று. உள்ளே இருக்கும் குளூட்டமேட்டும் வெளியே போக முடியாது, சேதியும் நிற்காது. உள்ளே ஆளில்லாத வீட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டு என்ன லாபம்? ஐனோசினேட் தனியாகச் சுவைக்காததன் காரணம் அதுதான், கணக்கு கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக இருப்பதும் அதனால்தான். 2008இல் வந்த இந்த விளக்கத்துக்கு இனிப்பு ஏற்பியின் தலையையும் உமாமி ஏற்பியின் தலையையும் வெட்டி மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றி எது போனால் தாழ்ப்பாள் விழவில்லை என்று தேடினார்கள்.

அந்த ஐனோசினேட் சூரைக்குள் எப்படி வந்தது? உயிருள்ள மீனின் தசைக்கு எரிபொருள் ஏடிபி. மீன் செத்ததும் புதிய ஏடிபி உண்டாவது நின்று, இருப்பது படிப்படியாக உடைந்து ஐனோசினேட்டாகத் தேங்கும். விட்டுவைத்தால் அதுவும் உடைந்து கசப்பான ஹைப்போசாந்தின் வரை போய்விடும். நல்ல நேரம் பார்த்து மீனை வேகவைத்தால், உடைக்கும் நொதிகள் செயலிழந்து ஐனோசினேட் அப்படியே நின்றுவிடும். கட்சுவோபுஷிக்குப் பேர்போன ஜப்பானின் மகுராசாகியிலும் மாசிக்குப் பேர்போன லட்சத்தீவின் மினிக்காயிலும் நொதி என்ற சொல்லே இல்லாத காலத்தில் மீனவர்கள் செய்துவந்தது இதைத்தான். வேடிக்கை இன்னும் இருக்கிறது. வாய் மூடிய ஏற்பி செல்லை உசுப்பியதும், அந்தச் செல் நரம்புக்கு விடும் சேதி என்ன தெரியுமா? ஏடிபி. செத்த மீனின் ஏடிபியின் மிச்சம் நம் நாக்கைத் தட்ட, நாக்கு புதிய ஏடிபியால் மூளையைத் தட்டுகிறது. இதை முதன்முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, அந்த வெள்ளைத் தூள். அஜினமோட்டோ என்றாலே நம் ஊரில் விஷம் என்று பேச்சு. 1968இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு ஒரு மருத்துவர் எழுதிய கடிதத்தில் தொடங்கிய பயம் இது. சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, காரணம் சோயா சாஸா, ஒயினா, உப்பா, குளூட்டமேட்டா என்று அவர் கேட்டிருந்தார், அவ்வளவுதான். பிறகு எதில் தூள் இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், சாப்பாட்டில் வழக்கமாகச் சேரும் அளவுக்குத் தொடர்ச்சியான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. தக்காளியில் இருப்பதும் தாய்ப்பாலில் இருப்பதும் இதே குளூட்டமேட்தான். இன்று அந்தத் தூளைக் கரும்புப் பாகு, மரவள்ளி போன்றவற்றைப் பாக்டீரியாவால் நொதிக்கவைத்துத்தான் தயாரிக்கிறார்கள், தோசை மாவு புளிப்பது போல. அதற்காக ஃப்ரைட் ரைஸ் கடைக்காரர் கை நிறைய அள்ளிப் போடுவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எலும்பு வேகவைக்கச் சோம்பல்பட்டு ருசியைத் தூளில் தேடுவது சமையல் குற்றம். மருத்துவக் குற்றம் அல்ல.

இகேடாவை நினைத்தால் இன்னொன்றும் தோன்றும். 'என் வீட்டு சூப் ஏன் ருசியாக இருக்கிறது' என்று தலைப்பிட்டு இன்று ஒரு இளம் பேராசிரியர் ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்தால் நம் குழுக்களில் எத்தனை பேர் கையெழுத்திடுவார்கள்? ரசத்துக்கு அப்படி ஒரு சோதனை யாராவது செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

மாமியார் விஷயத்துக்கு வருவோம். ஜப்பானிய புத்த மடங்களின் சைவச் சமையலுக்கு ஷோஜின் ரியோரி என்று பெயர். அங்கே மீன் இல்லாத தாஷி உண்டு: கொம்போடு காய்ந்த ஷிடேக். குவானிலேட்டும் ஐனோசினேட்டின் உறவுதான், அதே வாசலில் நின்று அதே தாழ்ப்பாளைப் போடும். அடுத்த முறை போகும்போது 'மீன் வேண்டாம்' என்று சொல்வதோடு நிறுத்தாமல் 'கட்சுவோ தாஷியும் வேண்டாம்' என்று சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஊரிலேயே செய்வதென்றால் காய்ந்த ஷிடேக்கைக் குளிர்ந்த தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரை நன்கு பழுத்த தக்காளி ரசத்தில் ஊற்றிப் பாருங்கள். தக்காளியின் குளூட்டமேட் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கும். கணவருக்கு மட்டும் தனிப் பாத்திரத்தில் ஒரு துண்டு மாசி.