மெட்டா அனாலிசிஸ்: தொகுப்பாய்வு

ஒரே கேள்வியை வைத்துத் தனித்தனியே நடந்த ஆய்வுகளின் எண் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் இணைத்து, ஒரே மதிப்பீட்டுக்கு வருவதே மெட்டா அனாலிசிஸ். ‘மெட்டா’வுக்குக் கிரேக்கத்தில் பின், அப்பால் என்று பொருள். 1976இல் இப்பெயரைச் சூட்டிய ஜீன் கிளாஸ் மருத்துவர் அல்லர். அமெரிக்கக் கல்வித்துறைப் புள்ளியியலாளர். வேலையோ பெயருக்கு மூத்தது. பிரிட்டிஷ் படையினருக்குப் போடப்பட்ட டைஃபாய்டு தடுப்பூசியின் தரவுகளைக் கார்ல் பியர்சன் 1904இலேயே இப்படி இணைத்துப் பார்த்தார்.

தமிழில் ‘மீப்பகுப்பாய்வு’ என்றும் எழுதுகிறார்கள். ‘மீ’ மேல் எனப் பொருள்படும் நல்ல பழஞ்சொல்தான். ஆனால் மீயொலி போன்ற சொற்களால் ‘மிகுந்த’ என்ற பொருளும் அதில் ஏறிவிட்டது. மேலும், இங்கே பகுப்பதைவிடத் தொகுப்பதே முதன்மை. எனவே ‘தொகுப்பாய்வு’ பொருந்தும். ஆய்வுகளைத் தேடித் திரட்டித் தரம் பார்ப்பது முறைசார் மீளாய்வு, அது வேறு.

தொகுப்பது என்றால் நோயாளிகளை ஒரே கூடையில் கொட்டிக் கூட்டுவதன்று. கணக்குக்கு இரண்டு ஆய்வுகளைக் கொள்வோம். கடும் நோயாளிகளிடையே மருந்து பெற்ற 400 பேரில் 160 பேர் (40%), பெறாத 100 பேரில் 50 பேர் (50%) இறக்கிறார்கள். லேசான நோயாளிகளிடையே மருந்து பெற்ற 100 பேரில் 5 பேர், பெறாத 400 பேரில் 40 பேர். இரண்டிலும் மருந்துக்கே வெற்றி. அப்படியே கூட்டினால் மருந்து பெற்றோரில் 33%, பெறாதோரில் 18% சாவு, மருந்து எமனாகிவிடும்! மருந்து பெற்றோரில் பெரும்பாலோர் கடும் நோயாளிகள் என்பதே காரணம். அதனால் ஒவ்வோர் ஆய்விலும் ஒப்பீட்டை முதலில் முடித்து, பிறகுதான் எடையிட்டுச் சராசரி எடுப்பார்கள். எடை என்பது பரவற்படியின் (முடிவின் ஊசலாட்டத்தை அளக்கும் எண்) தலைகீழ் எண். முடிவு எவ்வளவு ஊசலாடுகிறதோ அவ்வளவு எடை குறையும்.

ஆய்வு முடிவுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் எத்தனை சதவீதம் தற்செயலுக்கு அப்பாற்பட்ட முரண் என்பதை ஐ-ஸ்கொயர் (I²) என்ற அளவு சொல்லும். 75 சதவீதத்தைத் தாண்டினால், ஒற்றைச் சராசரியை நம்புமுன் முரணின் காரணத்தைத் தேட வேண்டும்.

பெரிய ஆபத்து, வெளிவராத ஆய்வுகள். மாரடைப்புக்கு மக்னீசியம் ஊசி உயிர்காக்கும் என்று 7 சிறு ஆய்வுகளின் தொகுப்பாய்வு 1991இல் காட்டியது. 58,050 பேரைக் கொண்டு நடந்த ஐசிஸ்-4 ஆய்வில் (1995) அந்தப் பயன் தென்படவில்லை. சாதகமான சிறு ஆய்வுகள் மட்டும் அச்சேறியிருந்தால் ஒவ்வோர் ஆய்வின் விளைவையும் அதன் துல்லியத்தோடு புள்ளியாகக் குறிக்கும் புனல் வரைபடத்தின் ஒரு பக்கம் வெறுமையாகத் தெரியும். ஆனால் பத்து ஆய்வுகளாவது இல்லாவிட்டால், அந்தச் சாய்வு தற்செயலா என்று பிரித்தறிவது கடினம்.