சக்ஸிங்ட்: இழுத்துக் கட்டிய சொல்

முதலில் உச்சரிப்பு. 'Succinct' என்ற ஆங்கிலச் சொல்லைப் பலர் 'சசிங்ட்' என்று வாசிக்கிறார்கள். நடுவில் இருக்கும் 'க்' ஒலியை விழுங்கக் கூடாது: சக்-ஸிங்ட்.

அகராதியைத் திறந்தால் 'சுருக்கமான' என்று போட்டிருக்கும். தவறில்லை, ஆனால் பாதிதான் சரி. ஏன் என்பதை அந்தச் சொல்லின் வேரே சொல்லிவிடும். லத்தீனில் 'சுப்' என்றால் கீழே. 'கிங்கெரே' என்றால் இடுப்பைச் சுற்றிக் கட்டுவது. தொளதொளவென்று காலைத் தடுக்கும் அங்கியைத் தூக்கிச் செருகி, கச்சையால் இறுக்கிக்கொள்வதுதான் மூலப்பொருள். நாம் 'வரிந்து கட்டிக்கொண்டு' என்கிறோமே, அதே காட்சி. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் உடையைத்தான் குறித்தது. அடுத்த நூற்றாண்டில் பேச்சுக்கும் எழுத்துக்கும் தாவியது. அதன் பிறகும், 1667இல் ஆங்கிலக் கவிஞர் மில்டன் தம் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் தேவதூதனாக வேடமிட்ட சாத்தானின் உடையை வருணிக்க, வேகத்துக்கு ஏற்ற உடை என்ற பழைய பொருளிலேயே இதைக் கையாண்டார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. உடையைத் தூக்கிச் செருகுகிறவர் துணியை வெட்டி எறிவதில்லை. துணி முழுதும் இருக்கிறது, காலைத் தடுக்காமல் இருக்கிறது. பேச்சிலும் அப்படித்தான்: பொருள் குறையாமல் நீளம் குறைய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. "நாளை நடைபெறுவதாக இருந்த கூட்டமானது தவிர்க்க இயலாத காரணங்களால் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாற்றி அமைக்கப்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்." இதையே "நாளைய கூட்டம் வியாழன் காலை 10 மணிக்கு மாற்றப்பட்டுள்ளது" என்று எழுதினால் சக்ஸிங்ட். "நாளை கூட்டம் இல்லை" என்று மட்டும் எழுதினால்? இன்னும் சிறியதுதான், ஆனால் எப்போது வருவது என்று கேட்டு எல்லோரும் தொலைபேசியில் கூப்பிடுவார்கள்.

13ஆம் நூற்றாண்டு நன்னூல் இந்த வேறுபாட்டைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறது. நூலின் பத்து அழகுகளில் முதலிரண்டு 'சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல்'. பத்துக் குற்றங்களில் முதலாவது 'குன்றக் கூறல்', அதாவது வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்வது. அடுத்தது 'மிகைபடக் கூறல்'. சக்ஸிங்ட் நிற்பது இந்த இரண்டு குற்றங்களுக்கும் நடுவில்.

அப்படியானால் தமிழில் எதைப் போடலாம்? பேச்சுவழக்கில் 'ரத்தினச் சுருக்கமான' என்பதை மிஞ்ச எதுவும் இல்லை. அளவு சிறிது, மதிப்புப் பெரிது என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. கட்டுரை நடைக்குச் 'சுருங்கிய, தெளிவான' என்று இரண்டு சொற்களாக எழுதுவதே என் வழக்கம். 'செறிவான' என்பதும் பொருந்தும், ஆனால் சில இடங்களில் 'கடினமான' என்ற சாயல் ஒட்டிக்கொள்ளும். 'நறுக்கென்று' மட்டும் இதற்கு வேண்டாம். அதில் கொஞ்சம் கடுமை இருக்கிறது. 'டெர்ஸ்' (terse) என்ற இன்னோர் ஆங்கிலச் சொல்லுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.